எம்ஐடி 17.3 காட்டுது, டேங்க் கணக்குல 16.3 தான் வருது – எதை எடுத்துக்கிறது?

#1 வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கம்பெனி டயர்தான் இன்னும், 185/65 ஆர்15. ஐந்து டேங்க் விடாமல் குறித்த கணக்கு கீழே. ஒவ்வொரு முறையும் டேங்க் ஃபுல் போட்டதும் ட்ரிப் மீட்டர், எம்ஐடி (லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று காட்டும் முகப்புத் திரை) சராசரி இரண்டையும் ஜீரோ செய்திருக்கிறேன்.

1) 431 கி.மீ., 26.8 லிட்டர், எம்ஐடி 17.2
2) 418 கி.மீ., 25.1 லிட்டர், எம்ஐடி 17.6
3) 452 கி.மீ., 28.9 லிட்டர், எம்ஐடி 17.0
4) 405 கி.மீ., 24.0 லிட்டர், எம்ஐடி 17.5
5) 434 கி.மீ., 26.8 லிட்டர், எம்ஐடி 17.3

கையால் வகுத்தால் 16.1, 16.7, 15.6, 16.9, 16.2 என்று வருகிறது. எம்ஐடி ஒரு முறை 4% கூடக் காட்டுகிறது, இன்னொரு முறை 9% கிட்டே போகிறது. பங்க்கில் அளவு குறைகிறதா, எம்ஐடி தப்பா, ஓடோமீட்டர் தப்பா? எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

#2 பட்டறைக்கணக்கு

குறித்து வைத்த விதம் அருமை, இதை வைத்தே நிறையச் சொல்லிவிடலாம். ஐந்தையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

டேங்க் ஃபுல் முறையில் பிழை நுழையும் வாசல் ஒன்றே ஒன்று: "ஃபுல்" என்கிற மட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நாசில் முனையில் ஒரு சின்னத் துளை இருக்கும். பெட்ரோல் ஏறி அந்தத் துளையை மூடினால் உள்ளே இழுவிசை கூடி லீவர் விடுபடும், அதுதான் ஆட்டோ கட். நாசிலை எவ்வளவு ஆழம் விட்டார்கள், எந்த வேகத்தில் ஊற்றினார்கள், வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, நுரை எவ்வளவு என்பதைப் பொறுத்து அது அரை லிட்டர், ஒரு லிட்டர்கூட முன்பின் விழும். 26 லிட்டரில் 0.6 லிட்டர் என்றாலே 2.3%.

ஆனால் இந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகாது. இந்த முறை அரை லிட்டர் கூடுதலாக ஏறியிருந்தால் அடுத்த முறை அரை லிட்டர் குறைவாகத்தான் ஏறும். தொடர்ந்து கூட்டினால் நடுவில் உள்ளதெல்லாம் ஒன்றையொன்று அடித்துவிடும், முதல் ஃபுல்லுக்கும் கடைசி ஃபுல்லுக்கும் உள்ள மட்ட வித்தியாசம் மட்டும் மிஞ்சும். அதே 0.6 லிட்டர் 131.6 லிட்டரில் அரை சதவீதத்துக்கும் கீழே.

உங்கள் கணக்கில் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 2,140 கி.மீ., 131.6 லிட்டர், அதாவது 16.26. எம்ஐடி பக்கம் சராசரிகளைக் கூட்டி ஐந்தால் வகுக்கக் கூடாது. ஒவ்வொரு டேங்க்கிலும் கிலோமீட்டரை எம்ஐடி எண்ணால் வகுத்து, "எம்ஐடி எத்தனை லிட்டர் எரிந்ததாக நினைக்கிறது" என்று எடுக்க வேண்டும்: 25.06, 23.75, 26.59, 23.14, 25.09. கூட்டினால் 123.63 லிட்டர். 131.6 ஐ 123.63 ஆல் வகுத்தால் 1.064. எம்ஐடி 6.4% கூடக் காட்டுகிறது.

இப்போது 3, 4 இரண்டையும் பாருங்கள். 6.4% என்று வைத்தால் மூன்றாவதில் 28.3 லிட்டர் ஏறியிருக்க வேண்டும், ஏறியது 28.9. நான்காவதில் 24.6 ஏறியிருக்க வேண்டும், ஏறியது 24.0. மூன்றாவதில் கூடுதலாகப் போன அதே 0.6 நான்காவதில் குறைந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 52.9 லிட்டர், எம்ஐடி கணக்கில் 49.73, விகிதம் 1.064. முதல் இரண்டையும் சேர்த்தால் 1.063. ஆக உங்கள் எம்ஐடி 4க்கும் 9க்கும் இடையே அலையவில்லை, ஒரே அளவில்தான் தள்ளி நிற்கிறது. அலைந்தது ஃபுல் மட்டம்.

#3 ராஜபாட்டை

மூன்றாவது முறை வேறு பங்க்கா, இல்லை பில்லை ரவுண்ட் செய்ய ஆட்டோ கட்டுக்கு மேலே இரண்டு மூன்று தடவை அழுத்தினார்களா? பாதிக் குழப்பம் அதில்தான். டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பி, வண்டியை ஆட்டி, காற்றுக் குமிழி வெளியேறிய பிறகு மறுபடி நிரப்பினால் மட்டம் தெளிவாகத் தெரியும். ஆட்டோ கட்டைவிட அதுதான் துல்லியம்.

#4 வைகைக்கரை

ஆமாம், மூன்றாவது வெளியூர் பங்க். ஆட்டோ கட் ஆன பிறகும் ஊற்றினார்கள்.

#5 பட்டறைக்கணக்கு

ராஜபாட்டை சார், கழுத்து வரை நிரப்பினால் மட்டம் தெளிவாகத் தெரியும், உண்மை. ஆனாலும் தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். டேங்க் மேலே விடப்பட்டிருக்கும் வெற்றிடம் பெட்ரோல் சூடாகி விரிவதற்கானது. அங்கிருந்து ஆவி ஒரு குழாய் வழியாகக் கரித்தூள் கேனிஸ்டருக்குப் போகும். கழுத்து வரை நிரப்பினால் ஆவி போக வேண்டிய வழியில் திரவப் பெட்ரோலே போகும். கரித்தூள் ஊறிப்போனால் பெட்ரோல் வாடை, நிரப்பியவுடன் ஸ்டார்ட் ஆகத் திணறுவது, கடைசியில் என்ஜின் விளக்கு. மாற்ற வேண்டியது முழு கேனிஸ்டர். அரை சதவீதத் துல்லியத்துக்காக அந்தச் செலவு தேவையில்லை.

செய்ய வேண்டியது: அதே பங்க், அதே மெஷின், நாசிலை முழுதும் உள்ளே விட்டு, லீவரை முழுதாக அழுத்தாமல் மெதுவான வேகத்தில், முதல் ஆட்டோ கட்டில் நிறுத்தம். ரவுண்ட் தொகை வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பில்லில் உள்ள லிட்டரை எடுங்கள், ஊற்றிய பையன் வாயால் சொல்லும் எண்ணை எடுக்காதீர்கள். பில் இல்லையென்றால் தொகையை அன்றைய விலையால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். டீசலுக்கு நுரை அதிகம், கட் ஆனதும் ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது கட்டில் நிறுத்துங்கள். எப்போதும் இரண்டாவது என்பது முக்கியம்.

#6 மலையடிவாரம்

பங்க்கில் அளவு குறைகிறதா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. 6% என்பது சின்ன அளவு இல்லை. 35 லிட்டர் டேங்க்கில் 38 லிட்டர் ஊற்றி பில் போட்ட கதையெல்லாம் நாம் பார்ப்பதுதானே?

#7 அளவுகோல்

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

38 லிட்டர் விஷயம்: கையேட்டில் எழுதியிருக்கும் கொள்ளளவு விரிவதற்கான இடத்தையும் நிரப்பும் குழாயையும் சேர்க்காத எண். ஆட்டோ கட்டுக்கு மேலே ஊற்றினால் பல கார்களில் எழுதியிருப்பதைவிட 15% வரைகூட ஏறும். அதை வைத்து மெஷினைக் குற்றம் சொல்ல முடியாது.

மெஷின் சரியா என்று பார்க்க 5 லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்கிறது. எடையளவுத் துறை முத்திரையோடு ஒவ்வொரு பங்க்கிலும் இருந்தாக வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்ட வேண்டும். அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் 5 லிட்டருக்கு 25 மில்லி, அதாவது அரை சதவீதம். உங்கள் 26.8 லிட்டருக்கு அது சுமார் 130 மில்லி. 6% குறைந்தால் அந்தப் பாத்திரத்தில் 300 மில்லி பள்ளம் தெரியும், கண்ணுக்குத் தப்பவே தப்பாது. சந்தேகம் வந்தால் கேட்டு அளந்து பாருங்கள், அது நம் உரிமை. பாத்திரத்தை முதலில் பெட்ரோலால் நனைத்துக் கவிழ்த்து வடித்த பிறகு அளக்க வேண்டும், காய்ந்த பாத்திரத்தில் சுவரில் ஒட்டுவதே சில மில்லியைத் தின்றுவிடும்.

வெப்பமும் கொஞ்சம் பேசும். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.1% விரியும். 10 டிகிரி வித்தியாசத்துக்கு 1%. விடியற்காலையில் போட்டால் லாபம் என்பார்கள், ஆனால் பங்க்கில் டேங்க் மண்ணுக்கு அடியில் இருக்கிறது, ஒரே நாளுக்குள் அதன் சூடு பெரிதாக மாறாது. மார்கழிக்கும் சித்திரைக்கும்தான் வித்தியாசம் வரும்.

#8 இன்ஜெக்டர்

பங்க்கை விடுங்கள், 6.4% எங்கே போகிறது என்பதற்குப் பதில் எம்ஐடி எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதில் இருக்கிறது.

பெட்ரோல் காரில் எரிபொருள் ஓட்டத்தை நேரடியாக அளக்கும் மீட்டர் எதுவும் கிடையாது. டேங்க் மிதவையையும் மைலேஜ் கணக்குக்கு எடுப்பதில்லை, அது முள்ளைக் காட்டவும் "இன்னும் எத்தனை கி.மீ. போகலாம்" என்று சொல்லவும்தான். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, பெட்ரோலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் எத்தனை மில்லிசெகண்ட் திறந்தது என்று அதற்குத் தெரியும். இன்ஜெக்டர் ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு விடும் என்ற எண் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் லிட்டர். தூரம் சக்கர சென்சாரிலிருந்து. லிட்டர் பக்கம் முழுக்க அனுமானம், அளவீடு இல்லை.

அந்த அனுமானம் எங்கெல்லாம் வழுக்கும்?

இன்ஜெக்டருக்கு இன்ஜெக்டர் சில சதவீத வித்தியாசம் தயாரிப்பிலேயே இருக்கும். பெட்ரோல் அழுத்தம் கொஞ்சம் கூடினால் அதே நேரத்தில் அதிகம் போகும். திறக்கத் தொடங்கியதிலிருந்து முழுதும் திறப்பதற்குள் கழியும் நேரம் பேட்டரி வோல்டேஜைப் பொறுத்தது. அதைத் திருத்தும் அட்டவணை பிசகினால், குறைந்த வேகத்தில், குட்டித் துடிப்புகளில் பிழை பெரிதாகும். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு வித்தியாசம், நெடுஞ்சாலையில் இன்னொரு வித்தியாசம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கேனிஸ்டரில் தங்கிய ஆவியை என்ஜின் உறிஞ்சி எரிக்கிறது. அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல், ஆனால் இன்ஜெக்டர் வழியாக வரவில்லை. ஆவி வரும்போது கலவை கெட்டிப்படும், ஆக்ஸிஜன் சென்சார் சொல்லும், இசியு இன்ஜெக்டர் நேரத்தைக் குறைக்கும். எம்ஐடிக்கு அது மிச்சமாகத் தெரியும். வெயில் ஊரில், வெயிலில் நிறுத்தி எடுக்கும் வண்டியில் இந்தக் கணக்கில் வராத பங்கு கூடும். இந்தப் பிழை எப்போதும் ஒரே திசையில்தான், எம்ஐடி கூடக் காட்டும் திசையில்.

#9 மலையடிவாரம்

அப்படியானால் இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு வித்தியாசம் கூடியதாகப் பலர் சொல்வது?

#10 இன்ஜெக்டர்

மைலேஜ் குறைவது வேறு, எம்ஐடி பிசகுவது வேறு. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு. 20% கலந்தால் லிட்டருக்கு 6 முதல் 7% ஆற்றல் குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை பழைய, இ10க்கு அமைத்த கார்களுக்கு 6–7% மைலேஜ் இழப்பு என்றும், இ20க்கு அமைத்தவற்றுக்கு 1–2% என்றும் மதிப்பிட்டது. அது உண்மையான இழப்பு. டேங்க் கணக்கில் கட்டாயம் தெரியும்.

எம்ஐடியில் அது தெரியுமா என்பது அந்த இசியு எப்படிக் கணக்கிடுகிறது என்பதைப் பொறுத்தது. இன்ஜெக்டர் நேரத்தை எண்ணினால் தெரியும், ஏனென்றால் எத்தனாலுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும், ஆக்ஸிஜன் சென்சார் கேட்டு வாங்கும், திறக்கும் நேரம் நீளும், அதுவும் கணக்கில் சேரும். காற்றின் அளவை எடுத்து ஒரு நிலையான விகிதத்தால் வகுத்தால் தெரியாது. சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 14.7, இ10க்கு ஏறத்தாழ 14.1, இ20க்கு 13.5. இ10 எண்ணிலேயே நின்றால் 4% குறைவாக எண்ணும். 14.7 இலேயே நின்றால் 8% போல குறைவாக எண்ணும்.

ஓபிடி கருவி (இசியுவின் தகவலைப் படித்து மொபைலுக்கு அனுப்புவது) சொருகி மொபைல் ஆப்பில் மைலேஜ் பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பெரும்பாலான ஆப்கள் 14.7ஐயே வைத்திருக்கும், அமைப்பில் மாற்ற இடம் இருந்தால் 13.5 போடுங்கள். சின்னக் கார்கள் பலவற்றில் காற்றோட்ட சென்சாரே கிடையாது, அழுத்த சென்சார்தான். அப்போது ஆப் என்ஜின் கொள்ளளவை வைத்து ஒரு ஊகக் கணக்குப் போடும், அது 10% தவறினாலும் ஆச்சரியமில்லை. எம்ஐடியைச் சரிபார்க்க அந்த ஆப்பை நம்பாதீர்கள்.

வைகைக்கரை, ஓபிடி கருவி இருந்தால் ஆப்பில் நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற எண்ணை (ஆக்ஸிஜன் சென்சார் சொன்னபடி இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது) மட்டும் என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, 60–80 வேகத்தில் சீராகப் போகும்போது, பக்கத்தில் இருப்பவரைக் குறித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

#11 யாழ்வீதி

இங்கே இலங்கையில் ஜப்பானிய ஹைபிரிட் வாகனங்கள்தான் அதிகம். ஹைபிரிட்டுக்கு ஒரு குறிப்பு: பெற்றோல் அடிக்கும்போது மின்கலம் எந்த மட்டத்தில் இருக்கிறதோ கிட்டத்தட்ட அதே மட்டத்தில் அடுத்த முறையும் அடியுங்கள். ஐந்து டாங்க் சேர்த்தால் அதுவும் அடிபட்டுப்போகும், ஆனால் ஒரே டாங்க்கில் 10 லீற்றர் அடித்துக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது பெரிய பிழை.

#12 டீசல்பாதை

டீசல்காரர்களுக்கும் ஒன்று. காமன் ரெயில் இன்ஜெக்டர் மாற்றும்போது அதன் மேல் அச்சடித்த திருத்தக் குறியீட்டை ஸ்கேனர் வழியாக இசியுவில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் இசியு பழைய இன்ஜெக்டரின் குணத்தை வைத்தே கணக்குப் போடும். ஓட்டம் கரடுமுரடாவதோடு எம்ஐடியும் தள்ளிப்போகும். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது குறியீடு ஏற்றியாயிற்றா என்று கேட்டு வாங்குங்கள்.

#13 அளவுகோல்

இன்னும் யாரும் தொடாதது தூரம். டேங்க் கணக்குத்தான் உண்மை என்று நிறையப் பேர் முடிவு கட்டிவிடுகிறார்கள். டேங்க் கணக்கிலும் மேலே நிற்கும் எண் ஓடோமீட்டர்தான், எம்ஐடி எடுக்கும் தூரமும் அதே சக்கரத்திலிருந்துதான். ஓடோமீட்டர் 2% கூடக் காட்டினால் இரண்டும் சேர்ந்தே 2% கூடும். இரண்டையும் ஒப்பிட்டால் அந்தப் பிழை வெளியே வரவே வராது. நீங்கள் கண்டுபிடித்த 6.4% முழுக்க முழுக்க லிட்டர் எண்ணுவதில் உள்ள வித்தியாசம். தூரத்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

தேய்ந்த டயர் சிறிய டயர். 185/65 ஆர்15இன் விட்டம் 621 மில்லிமீட்டர் சுமார். புதிதில் 8 மில்லிமீட்டர் இருந்த பூ (டயர் வரிப்பள்ளத்தின் ஆழம்) 3க்கு வந்திருந்தால் விட்டம் 10 மில்லிமீட்டர் குறைவு, 1.6%. அதே கிலோமீட்டருக்குச் சக்கரம் அதிகம் சுற்றும், ஓடோ அதிகம் காட்டும். மாறாக 195/65 ஆர்15 போட்டால் 634 மில்லிமீட்டர், 2% பெரிது, ஓடோ குறைத்துக் காட்டும். "பெரிய டயர் போட்டேன், மைலேஜ் விழுந்துவிட்டது" என்று வருகிற புகார்களில் ஒரு பகுதி இந்த எண் விளையாட்டு.

சோதிக்க: நான்குவழிச் சாலையில் கிலோமீட்டர் கல்லுக்குக் கல். காற்றைக் கதவருகே ஒட்டியிருக்கும் அளவுக்குக் குளிர்ந்த டயரில் அடைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 30 கல். ட்ரிப் மீட்டர் 0.1 கி.மீ. மாறும் தருணத்தில் தொடங்கினால் நல்லது. புறவழிச்சாலை புதிதாகச் சேர்ந்த இடங்களில் கல் எண் தாண்டியிருக்கும், அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். ஜிபிஎஸ்ஸும் சரிதான், ஆனால் வளைவுகளில் மூலையை வெட்டிக் குறைத்துக் காட்டும், நேர்ச்சாலையில் மட்டும் எடுங்கள். வேகமுள்ளை வைத்து ஓடோவை முடிவு செய்யாதீர்கள். ஐநா விதி 39இன்படி வேகமுள் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது, அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் மேலே வைப்பார்கள். ஓடோவுக்கு அந்த ஏற்றம் கிடையாது.

#14 ராஜபாட்டை

கேனிஸ்டர் விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 6.4% என்பது கம்பெனி வேண்டுமென்றே வைத்தது என்றே நினைக்கிறேன். எல்லாப் பிழையும் எப்படி நமக்குச் சாதகமாகவே காட்டும்?

#15 இன்ஜெக்டர்

அதை இந்த எண்களை வைத்து நிரூபிக்க முடியாது சார். ஆவி, எத்தனால் இரண்டும் இயல்பாகவே அந்தத் திசையில் தள்ளுகின்றன என்பது மட்டும் தெரியும். ஒப்பிட ஓர் அளவு வேண்டுமானால் ஐரோப்பா. அங்கே 2021இலிருந்து புதிதாகப் பதிவாகும் கார்கள் எரிபொருள் செலவை உள்ளேயே பதிந்து வைக்க வேண்டும், அந்தப் பதிவு 5%க்குள் சரியாக இருக்க வேண்டும் என்று சட்டம். அது முகப்பில் காட்டும் எண்ணைப் பற்றிய விதி அல்ல, உள் பதிவைப் பற்றியது. சட்டமே 5% விடுகிறது என்றால் 6.4% கோளாறு என்று சொல்லி சர்வீஸில் வாதாட இடம் குறைவு. 12, 15% என்றால் நிச்சயம் காட்டுங்கள்.

திருத்தும் வசதி சில வண்டிகளில் உண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல மாடல்களில் மீட்டர் பெட்டியின் அமைப்பில் 85 முதல் 115% வரை 5% படிகளாக ஒரு திருத்த எண் இருக்கிறது, ஸ்கேனரில் மாற்றலாம். மற்றவர்கள் பெருக்கிக்கொள்வதுதான்.

#16 வைகைக்கரை

இரண்டும் செய்து பார்த்தேன். 40 கல்லுக்கு ஓடோ 40.6. டயர் பூ 3 மில்லிமீட்டர். நீண்டகாலத் திருத்தம் 70 வேகத்தில் பிளஸ் 3 முதல் பிளஸ் 5க்குள் நிற்கிறது. அதே பங்க்கில் 5 லிட்டர் பாத்திரமும் கேட்டேன், 10 மில்லி குறைவு.

#17 அளவுகோல்

10 மில்லி என்றால் 0.2%, மெஷின் நல்ல மெஷின். ஓடோ 1.5% கூட. அதனால் உண்மையான மைலேஜ் 16.26ஐ 1.015ஆல் வகுத்து 16.0.

#18 இன்ஜெக்டர்

திருத்தம் பிளஸ் 4 என்பது இ10க்கு எழுதிய வண்டியில் இ20 ஊற்றினால் வர வேண்டிய எண்தான், 14.1ஐ 13.5ஆல் வகுத்தது. வெற்றிடக் கசிவு (என்ஜினுக்குள் கணக்கில் வராத காற்று நுழைவது) போன்ற கோளாறு இருந்தால் ஐடிலில் பிளஸ் 10, 12 என்று ஏறி, வேகத்தில் குறையும். ஐடிலிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். உங்கள் இசியு அந்தத் திருத்தத்தை எம்ஐடி கணக்கில் சேர்க்கவில்லை என்றால் 6.4இல் 4 அங்கேயே போய்விட்டது, மீதி இன்ஜெக்டர் வித்தியாசமும் ஆவியும்.

#19 வைகைக்கரை

ஐடிலிலும் பிளஸ் 4தான். அடுத்த மாதம் நான்கு டயரும் மாற்றப் போகிறேன், அதே அளவு. எம்ஐடியை 0.94ஆல் பெருக்கிக்கொள்ளலாமா, டயர் மாற்றினால் அதுவும் மாறுமா? இன்னொன்று, ஊருக்குள் எம்ஐடி 12, நெடுஞ்சாலையில் 20 என்றால் பாதிக்குப் பாதி ஓட்டினால் 16 என்று எடுக்கலாமா?

#20 பட்டறைக்கணக்கு

0.94 மாறாது. அது லிட்டருக்கு லிட்டர் விகிதம், தூரம் இரண்டு பக்கமும் அடிபட்டுவிட்டது. மாறப்போவது 1.015. புது டயரில் எம்ஐடி, டேங்க் கணக்கு இரண்டும் ஒன்றரை சதவீதம் போல இறங்கும், வண்டி அதனால் கூடுதலாகக் குடிப்பதாக எண்ண வேண்டாம். புதுப் பூவுக்கு உருளும் தடை கொஞ்சம் அதிகம் என்பதால் அதற்கு மேலும் சிறிது இறங்கலாம், அது நிஜமான இறக்கம். டயர் போட்டு 500 கி.மீ. ஓடிய பிறகு அதே 40 கல்லில் மறுபடி அளந்து, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளுங்கள்.

12ம் 20ம் சேர்ந்தால் 16 வராது. 100 கி.மீ. ஊருக்குள் 8.33 லிட்டர், 100 கி.மீ. நெடுஞ்சாலையில் 5 லிட்டர், 200ஐ 13.33ஆல் வகுத்தால் 15. மறக்காமல் அந்த 15ஐயும் 0.94ஆல் பெருக்குங்கள், 14.1.